பள்ளியில் படிக்கும்போதே சமுதாயக் கல்லூரி வகுப்பு: கோடையில் கால்குலஸ் எடுக்க விடலாமா?

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் பகுதியில் வசிக்கும் ஒருவர், பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் வரும் கோடை விடுமுறையில் சமுதாயக் கல்லூரியில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) கால்குலஸ் எடுக்க விரும்புவதாகவும், அவளுடைய தோழிகள் பலர் அப்படித்தான் செய்வதாகவும், கட்டணமும் இல்லை என்று கேள்விப்பட்டதாகவும் எழுதி, எடுக்க விடலாமா, அல்லது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏபி வகுப்பில் சேர்ப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியது இவ்வளவுதான் என்றாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது மூன்று விஷயங்கள் என்று நினைக்கிறேன். அங்கே வாங்கும் கிரெடிட் பின்னால் பல்கலைக்கழகத்தில் செல்லுமா என்பது முதலாவது. சேர்க்கையில் அது கைகொடுக்குமா என்பது இரண்டாவது. பதினாறு வயதுகூட நிறையாத பிள்ளை அந்த வகுப்பில் தாக்குப்பிடிப்பாளா என்பது மூன்றாவது. நான் இந்த மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். என் வகுப்புகளில் பள்ளி மாணவர்கள் இல்லாத பருவமே அநேகமாகக் கிடையாது. முதல் விஷயத்தில் விதிகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவதில் பாதிதான் உறுதி, மீதி என் அனுமானம். மூன்றாவதற்கு நான் சொல்லக்கூடியது வகுப்பறையில் கண்டதை மட்டுமே. உங்கள் மகளை அறிந்தவர் நீங்கள்.

உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் 116 சமுதாயக் கல்லூரிகளிலும் பள்ளி மாணவர்கள் சிறப்புப் பகுதிநேர மாணவர்களாகச் சேரச் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரின் ஒப்புதலும் பள்ளி முதல்வர் அல்லது அவர் சார்பில் கவுன்சிலரின் கையெழுத்தும் வேண்டும். ஒரு பருவத்துக்கு 11 யூனிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வரை எடுக்கும் பள்ளி மாணவர்களுக்கு, யூனிட்டுக்கு 46 டாலர் என்ற சேர்க்கைக் கட்டணத்தைக் கல்லூரிகள் விலக்கிவிடலாம். பெரும்பாலான கல்லூரிகள் அப்படியே செய்கின்றன. ஆனால் பாடப்புத்தகம், வாகன நிறுத்தம், மாணவர் நலக் கட்டணம் போன்றவை பல இடங்களில் உங்கள் பொறுப்பு. கணித வகுப்புகளில் வீட்டுப்பாட மென்பொருளுக்கான அணுகல் குறியீட்டையும் சில நேரம் காசு கொடுத்து வாங்க நேரும். இதற்கு அப்பால், 2015இல் இயற்றப்பட்ட ஏபி 288 என்ற மாநிலச் சட்டத்தின் (இந்த 'ஏபி' சட்டமன்ற மசோதாவைக் குறிக்கும், ஏபி வகுப்பை அல்ல) வழியாக, பள்ளி மாவட்டமும் கல்லூரியும் ஒப்பந்தம் செய்துகொண்டு பள்ளி வளாகத்திலேயே கல்லூரி வகுப்பு நடத்தும் ஏற்பாடும் உண்டு. அதில் சேருவோரிடம் புத்தகத்துக்குக்கூடப் பணம் வாங்கக் கூடாது. பருவத்துக்கு 15 யூனிட் வரை எடுக்கலாம். உங்கள் பள்ளியில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பல பெற்றோருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் சேர எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. மாநிலவாசி என்ற தகுதி இருக்கிறதா என்பதைக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகம் ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யும். அண்மையில்தான் மாநிலத்துக்குக் குடிவந்தவர்கள் விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கிரெடிட் செல்லுமா என்பதற்கு, எங்கே என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) இரண்டுக்கும், எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்பதை 'அசிஸ்ட்' என்ற பொதுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். நீங்கள் பணமோ நேரமோ போடுவதற்கு முன் அரை மணி நேரம் அங்கே செலவிடுங்கள். உங்கள் பகுதியில் ஒரு சிக்கல் தனியாக உண்டு. ஃப்ரீமாண்டில் உள்ள ஓலோனி கல்லூரி செமஸ்டர் முறையில், அதாவது ஆண்டை இரண்டு நீண்ட பருவங்களாகப் பிரித்து நடக்கிறது. கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்சாவும் அதன் சகோதரக் கல்லூரியான ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறையில், அதாவது இன்னும் குறுகிய பருவங்களாக நடக்கின்றன. குவார்ட்டர் முறையில் முதல் கால்குலஸ் வகுப்பு செமஸ்டர் முறையின் முதல் கால்குலஸ் வகுப்பைவிடக் குறைந்த பகுதியையே முடிக்கும். ஒன்றை இங்கேயும் அடுத்ததை அங்கேயும் எடுத்தால் நடுவில் சில தலைப்புகள் விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை வரும். தொடரான பாடங்களை ஒரே கல்லூரியில் முடிப்பதுதான் சரி. மாநிலத்துக்கு வெளியிலுள்ள பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் தத்தம் விதிப்படி நடக்கின்றன. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் கொள்ளப்பட்ட கல்லூரிப் பாடத்துக்கு மீண்டும் கிரெடிட் தர மாட்டோம் என்றும், பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்த வகுப்பை ஏற்க மாட்டோம் என்றும் சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்கள் பல. அங்கே போக நினைக்கும் பிள்ளை கிரெடிட்டுக்காக இந்த வகுப்பை எடுப்பதில் பொருளில்லை, கற்றுக்கொள்வதற்காக எடுக்கலாம்.

பல பெற்றோர் என்னிடம் அச்சத்தோடு கேட்கும் ஒன்றுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பருவத்தில் எத்தனை கல்லூரி யூனிட் எடுத்திருந்தாலும் உங்கள் மகள் யூசியில் முதலாண்டு மாணவியாகவே விண்ணப்பிப்பாள்; வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் (டிரான்ஸ்ஃபர்) மாணவி என்று ஒதுக்கப்பட மாட்டாள். பள்ளி முடித்த கோடைக்குப் பிறகு முறையான கல்லூரிப் பருவம் ஒன்றில் சேர்ந்தால்தான் அந்த நிலை மாறும்.

சேர்க்கைக்கு உதவுமா என்பதில் யூசியைப் பொறுத்தவரை எழுத்தில் உள்ள விதிகள் தெளிவானவை. யூசிக்கு மாற்றத் தகுதியுள்ள கல்லூரிப் பாடத்தில் வாங்கும் கிரேடு, ஏபி போலவே, கூடுதல் புள்ளி பெறும். ஏ வாங்கினால் 4க்குப் பதில் 5. ஆனால் யூசி கணக்கிடும் ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) இப்படிக் கூடுதல் புள்ளி பெறக்கூடியவை மொத்தம் எட்டு செமஸ்டர்களே, அவற்றில் நான்குக்கு மேல் பத்தாம் வகுப்பிலிருந்து வரக் கூடாது. எனவே ஏற்கெனவே நிறைய ஏபி எடுக்கும் பிள்ளைக்கு இந்த வழியில் பெரிய ஆதாயம் இல்லை. இதை அறியாமல் வகுப்பு மேல் வகுப்பாக அடுக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இன்னொரு விதி பயனுள்ளது: கல்லூரியில் ஒரு செமஸ்டரில் முடிக்கும் மூன்று யூனிட் பாடம் பெரும்பாலும் பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகக் கருதப்படும். பள்ளியின் கால அட்டவணையில் இடமில்லாமல் விடுபட்ட ஒரு பாடத்தை இப்படி நிரப்பிக்கொள்ளலாம். தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் குழு ஒரு சமுதாயக் கல்லூரி கிரேடை ஏபியோடு எப்படி எடை போடுகிறது என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்வோரை நம்பாதீர்கள். பள்ளியில் கிடைக்காத ஒன்றைத் தேடிப் போய்ப் படித்த பிள்ளைக்கு அது நல்லதாகவே படும் என்பது என் அனுமானம். பள்ளியில் கடினமாக இருக்கும் பாடத்தை வேறிடத்தில் எளிதாக முடித்துக்கொண்ட பிள்ளையை அதே கண்ணால் பார்ப்பார்களா என்பது ஐயமே.

இந்த வழியைப் புகழும் ஆய்வுகளைப் பற்றியும் ஒரு சொல். பள்ளியிலேயே கல்லூரிப் பாடங்களை நடத்தும் ஏர்லி காலேஜ் பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. இடம் பெற்றவர்கள் கல்லூரியில் சேர்வதும் பட்டம் பெறுவதும் அதிகம் என்று அவை காட்டுகின்றன. குலுக்கல் என்பதால் அந்த முடிவை நம்பலாம். ஆனால் அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காகவும் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவும் தொடங்கப்பட்டவை. 'எனக்கும் கல்லூரி முடியும்' என்று ஒரு பிள்ளை தன் கண்ணால் காண்பதே அங்கே பெரும் பயன். என் வகுப்பில் அந்த மாற்றத்தை நேரில் பார்த்திருக்கிறேன், இந்த ஏற்பாட்டை நான் மனதார ஆதரிப்பதற்குக் காரணமும் அதுவே. பெற்றோர் இருவரும் பொறியாளர்களாக உள்ள வீட்டில், கல்லூரிக்குப் போவதா என்ற கேள்வியே எழாத பிள்ளைக்கு அதே அளவு பயன் உண்டு என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியாது.

இனி எனக்கு நன்கு தெரிந்த இடத்துக்கு வருகிறேன். கோடையில் கால்குலஸ் என்றால் என்ன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பல கல்லூரிகளில் முதல் கால்குலஸ் 5 யூனிட் பாடம். ஒரு யூனிட்டுக்கு வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்த்து ஏறக்குறைய 54 மணி நேர உழைப்பு என்பது வழக்கமான கணக்கு. ஆக 270 மணி நேரம். வழக்கமான செமஸ்டரில் இது பதினாறு, பதினேழு வாரங்களில் பரவும். எட்டு வாரக் கோடை வகுப்பில் வாரத்துக்கு ஏறக்குறைய 34 மணி நேரம். ஆறு வாரத்தில் 45 மணி நேரம். அது முழுநேர வேலை. திங்கள் முதல் வியாழன் வரை நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு நடந்தால், திங்களன்று எல்லை, செவ்வாயன்று தொடர்ச்சி, புதனன்று வகைக்கெழுவின் வரையறை என்று போகும். வியாழனன்று சிறு தேர்வு இருக்கும். திங்களன்று புரியாததைக் கேட்க ஞாயிறு வரை காத்திருந்தால், அதற்குள் அதன் மேல் மூன்று பாடங்கள் ஏறியிருக்கும். பிள்ளையின் அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. கால்குலஸ் மனதில் ஊற நாள் வேண்டும். அந்த நாட்களைத்தான் கோடை வகுப்பு எடுத்துக்கொள்கிறது.

நம் வீடுகளில் கோடை என்றால் ஊருக்குப் போவதும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த ஒரு மாணவன், முதல் தேர்வில் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்களில் ஒன்றை வாங்கியவன், மூன்றாம் வாரத்தில் உறவினர் திருமணத்துக்காகக் குடும்பத்தோடு சென்னைக்குப் போனான். வெறும் எட்டு நாள்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த எட்டு நாட்களில் சங்கிலி விதியும் உள்ளார்ந்த வகையிடலும் தொடர்புடைய வீதங்களும் முடிந்து, இரண்டாம் தேர்வும் நடந்துவிட்டது. திரும்பி வந்தவன் தேர்வுத்தாளைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவன் கேட்டது, 'இதை மறுபடி எழுத முடியுமா?' என்பதுதான். பள்ளியில் பல ஆசிரியர்கள் அதற்கு இடம் தருகிறார்கள். எங்கள் சிலபஸில் அதற்கு இடமில்லை. முதல் நாள் கொடுத்த அந்தத் தாளில் வீட்டுப்பாடத்துக்கு 15 சதவீதம், தேர்வுகளுக்கு 50, இறுதித் தேர்வுக்கு 35 என்று எழுதியிருந்தது, அவ்வளவே. அவன் வகுப்பிலிருந்து விலகினான், மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ (விலகியவர்) என்று பதிந்தது.

அந்தப் பதிவு நிலையானது என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தெளிவாக உணர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். பள்ளி மாணவி என்பதால் தனிப் பட்டியல் எதுவும் கிடையாது. பதினைந்து வயதில் எடுத்த முதல் வகுப்பிலேயே அவளுடைய கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் தொடங்கிவிடுகிறது. வகுப்பு தொடங்கி மிகச் சில வாரங்களுக்குள் விலகினால் தடம் இருக்காது. கோடைப் பருவத்தில் அந்தக் கெடு சில நாட்களிலேயே முடிந்துவிடும். பிறகு பருவத்தின் முக்கால் பங்கு வரை விலகலாம், டபிள்யூ நிற்கும். அதன் பிறகு கிரேடுதான். டி அல்லது எஃப் வாங்கினால் திரும்ப எடுக்க வழியுண்டு. சி வாங்கினால் பொதுவாக அதுவும் இல்லை, ஏனென்றால் சி தேர்ச்சி. பெற்றோருக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் பள்ளிப் பிள்ளைகளை நெடுநாள் வருத்துவது எஃப் அல்ல, அந்த சி. யூசிக்கு விண்ணப்பிக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஏபியில் அப்படியல்ல: மே மாதத் தேர்வின் மதிப்பெண் சரியில்லை என்றால் அதைப் பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டுவிடலாம். பிற்காலத்தில் கல்லூரிக்கு நிதியுதவி கேட்கும்போது, பள்ளிக் காலத்தில் எடுத்த யூனிட்டுகளும் படிப்பில் போதிய முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கில் சேரக்கூடும். மகளை மருத்துவராக்க நினைப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம், பள்ளியில் படிக்கும்போது எடுத்தவை உட்பட எல்லாக் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்களையும் கேட்கிறது.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது பிள்ளை தாக்குப்பிடிப்பாளா என்பதற்கு, நான் பார்க்கும் அடையாளம் கணிதத் திறமை அல்ல. ஃபெர்பா என்று அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவியின் பதிவுகள் மீதான உரிமை அவளுடையது, வயது பதினைந்தானாலும். அவள் எப்படிப் படிக்கிறாள் என்று நீங்கள் எனக்கு மின்னஞ்சல் எழுதினால் அவள் வகுப்பில் இருக்கிறாள் என்பதைக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆபீஸ் அவர்ஸுக்குத் தந்தையும் மகளும் சேர்ந்து வருவார்கள். தந்தை கேள்வி கேட்பார், நான் மகளைப் பார்த்து, 'நீ என்னம்மா நினைக்கிறாய்?' என்பேன். சில பிள்ளைகள் உடனே நோட்டைத் திறந்து, 'இந்தக் கணக்கில் இந்த வரி வரைக்கும் புரிகிறது' என்று தொடங்குவார்கள். அவர்கள் நன்றாகவே தேறுவார்கள். சிலர் தந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு இன்னும் ஓராண்டு கழித்து வந்தால் நல்லது. உங்கள் மகள் பல் மருத்துவரின் அலுவலகத்துக்குத் தானே போன் செய்து நாள் வாங்குவாளா, ஆசிரியருக்கு உதவி கேட்டுத் தானே மின்னஞ்சல் எழுதுவாளா, நீங்கள் நினைவூட்டாமல் கெடுவைக் கவனிப்பாளா என்று பாருங்கள். பள்ளியில் ஐஇபி என்ற தனித்திட்டத்தின் கீழ் உதவி பெறும் பிள்ளையாக இருந்தால், அந்தத் திட்டம் கல்லூரிக்குத் தானாக வராது. டிஎஸ்பிஎஸ் என்ற மாற்றுத்திறனாளி மாணவர் சேவைப் பிரிவில் அவளே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

இவற்றையெல்லாம் வைத்து என் கருத்தைக் கேட்டால், இந்தக் கோடையில் கால்குலஸ் வேண்டாம் என்பேன். உங்கள் பள்ளியில் ஏபி கால்குலஸ் பிசி (ஏபி கால்குலஸ் பாடங்களில் விரிவானது) இருக்குமானால், பொறியியலோ அறிவியலோ படிக்கப் போகிறவள் அதை ஓராண்டு நிதானமாகப் படிப்பதே மேல். அதன் மேல்தான் இயற்பியலும் மற்றதும் நிற்கப் போகின்றன. கல்லூரி அனுபவம் வேண்டுமென்றால், முதல் வகுப்பு மூன்று யூனிட் அளவுள்ளதாக, பள்ளியில் கிடைக்காததாக, அவளே பட்டியலைப் புரட்டித் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்: மானுடவியல், அமெரிக்க சைகைமொழி, தத்துவம், நிரலாக்கம், புள்ளியியல், எதுவானாலும் சரி. பதினொன்றாம் வகுப்பிலேயே பிசியை முடித்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கக் கணிதமே மிச்சமில்லை என்று நிற்கும் பிள்ளைக்கோ, சமுதாயக் கல்லூரி தரும் பன்மாறி கால்குலஸும் நேரியல் இயற்கணிதமும் பெரும் கொடை. பள்ளியில் ஏபி கால்குலஸே இல்லாத ஊர்ப்பிள்ளைக்கும் அப்படியே. அவர்களிடம் நான் தயங்காமல் வா என்றுதான் சொல்வேன், ஆனால் கோடையில் அல்ல, முழு செமஸ்டரில்.

வேறு மாநிலங்களில் இருந்து இதைப் படிப்போருக்கு: மேலே சொன்ன விதிகளில் பல உங்களுக்குப் பொருந்தாது. மின்னசோட்டா 1985இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது; அங்கே கல்விக் கட்டணத்தோடு புத்தகச் செலவையும் அரசே ஏற்கிறது. வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹாயோவில் ஏழாம் வகுப்பு முதலே சேரக்கூடிய காலேஜ் கிரெடிட் பிளஸ் என்று பெயரும் நிபந்தனையும் மாறும். டிரான்ஸ்கிரிப்டின் நிலைத்தன்மையும் ஃபெர்பாவும் மட்டும் எங்கும் ஒன்றே.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். கோடையோ இலையுதிர் காலமோ, பள்ளி மாணவர்களுக்குப் பொதுவாகப் பதிவு வரிசையில் கடைசி இடம்தான், ஆகவே கேட்ட வகுப்பு நிரம்பியிருக்கக்கூடும். மாநிலத்தின் பொது விண்ணப்பத்தை இப்போதே நிரப்பி அடையாள எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர் கையெழுத்திட வேண்டிய படிவத்தைப் பள்ளி மூடுவதற்கு ஒரு மாதமாவது முன்பே கொடுங்கள், ஜூனில் அவரைப் பிடிப்பது கடினம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் முதல் நாள் வகுப்புக்கு அவள் கட்டாயம் போக வேண்டும். வராதவர்களின் இடத்தை அன்றே கொடுத்துவிடுவோம். அந்தப் படிவத்தையும் விண்ணப்பத்தையும் உங்கள் மகளையே நிரப்பச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.